பன்னிரண்டு மணிக்கு உடைந்த பட்டியல்

அக்காள்மடத்து மீனவர் சங்கத்தில் 2003-இல் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் மனம் அறிந்தவளும் ஒருத்திதான், லீமாரோஸ். தினமும் பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டிப் போய் ராமநாதபுரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். வலையில் அறுந்த கண்ணைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடும் வீட்டில் பிறந்ததாலோ என்னவோ, எது பழுதானாலும் காரணம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மாதா கோயில் திருவிழாவுக்குள் சங்க உறுப்பினர் அறுநூறு பேருக்கும் அடையாள அட்டை கொடுக்க வேண்டும். அவர்கள் பெயரையும் படகு எண்ணையும் டேட்டாபேஸில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரே வாரத்தில் அது மூன்று முறை உடைந்தது. திருவிழா நெருங்கிய அவசரத்தில் கோப்பை மூடாமலே பதினொன்றரைக்குச் சாப்பிடப் போவாள்; வந்து பார்த்தால் திறக்காது. ரிப்பேர் கட்டளை கொடுத்து மீட்பாள்; பத்திருபது பெயர் காணாமல் போயிருக்கும். வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். யார் யார் கோப்பைத் திறக்கலாம் என்று காவல் காக்கும் பாதுகாப்புக் கோப்பும் சேர்ந்து கெட்டது. 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. இரண்டு மாதம் கண் நோகத் தட்டியவளுக்கே அனுமதி இல்லையாம்! அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

சங்கச் செயலாளர் சூசைமுத்து முப்பது வருடம் படகோட்டியவர். "ஏத்தா லீமா, இது சரிப்பட்டு வராது. திங்கக்கிழமைக்குள்ள ஆகலைன்னா நோட்டுக்கே போயிருவோம். பெட்டியத் திருப்பிக் குடுத்துரலாம்" என்றார்.

பெட்டி போனால் அவள் வேலையும் போகும். சம்பளம்கூட அப்புறம்தான், அந்த நாற்காலியில் உட்காருவது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நல்லவேளை, பாதுகாப்புக் கோப்பை முதலில் செய்தபோது கொடுத்த தன் பெயர், சங்கத்தின் பெயர், அடையாள எண் மூன்றையும் செபப் புத்தகத்துக்குள் இருந்த மாதா படத்தின் பின்னால் எழுதி வைத்திருந்தாள். ஒரு புள்ளி பிசகாமல் அவற்றையே கொடுத்துப் புதிதாக ஒரு பாதுகாப்புக் கோப்பு செய்ததும் கதவு திறந்தது. ஆனால் உடைப்பது யார்? உப்புக் காற்றா? அந்த வாரம் கரண்டுகூடப் போகவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகாமல், டிபன் பாக்ஸோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடித்தது. சூசைமுத்து எழுந்தார், நேரே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் கப்சிப். கை கூப்பி, காலை, நண்பகல், மாலை மணிக்கு மாதாவிடம் சொல்லும் மூவேளைச் செபத்தைச் சொன்னார். முடித்ததும் சுவிட்சை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒன்றும் நடக்காதது போல் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது.

"மாமா, என்ன இது?"

"மணி அடிச்சா எதுவும் ஓடக்கூடாதுத்தா. கடல்ல மாதா கோயிலுக்கு நேரா வரயில எஞ்சின அமத்துவோம்ல, அது மாதிரி."

லீமாரோசுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அடக்கினாள். "அமத்துங்க மாமா, வேணாம்ங்கல. ஆனா எழுதிக்கிட்டு இருக்கயில பட்டுனு நிறுத்துனா இது கிழிஞ்சுபோகும். வலை கடல்ல கெடக்கயில கயித்த அறுத்த மாதிரி."

பெரியவர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப, நாந்தானா?"

"இனிமே மணிக்கு முன்னாடி நானே மூடிருறேன்" என்றாள்.

அன்றிலிருந்து பதினொன்று ஐம்பத்தைந்துக்கு, "லீமா, வலைய ஏத்தியாச்சா?" என்று குரல் வரும். கோப்பை மூடி, நகல் எடுத்து, கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அவளும் அவர் பக்கத்தில் நின்று செபம் சொல்வாள். காணாமல் போன பெயர்களை நோட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினாள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கோயிலில் மணியைக் கொஞ்சம் முன்னாலேயே அடித்துவிட்டார்கள். கடைசிப் பெயர் பாதியில் இருந்தது. லீமாரோஸ் பதறிப்போய்த் திரும்பினாள். சூசைமுத்து எழுந்துதான் நின்றார். கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"நிதானமா முடிச்சுக்கத்தா, மாதா காத்திருப்பா" என்றார். அவள் கோப்பை மூடும்வரை கூப்பிய கையோடு நின்றார். அதன் பிறகுதான் செபத்தைத் தொடங்கினார்.