டேப் ரெக்கார்டருக்கு வைத்த பொட்டு

பூவம்மாள் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுத் திரும்பும்வரை, பார்வை இழந்த கணவர் ஏகநாதனுக்குத் துணை டேப் ரெக்கார்டர்தான். பன்னிரண்டு வருஷம் ரிப்பேர் என்று ஒருநாளும் படுக்காத அது, 2006இல் கரகரத்து அடங்கிப்போனது. ஏகநாதன் சாப்பாட்டையும் தொடவில்லை. பூவம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் தனசேகரிடம் ஓடினாள்.

திறந்து பார்த்தவர் சிரித்தார். "இன்னாக்கா, வால்யூம் திருகுக்குள்ள இம்மாம் சந்தனம், குங்குமம் கீது?"

"ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வைப்பேன். நான் இல்லாதப்போ அவர பாத்துக்குதே, அதுக்கு வைக்காம?"

"அதான் அடைச்சுகினு கீது. தொடைச்சா போதும், இன்னும் நல்லா உழைக்கும்."

வீட்டில் பாட்டு கேட்டதும் ஏகநாதன், "சோறு போடு" என்றார்.

அடுத்த ஆயுத பூஜையில் பூவம்மாள் பெட்டியின் முதுகில் பொட்டு வைத்தாள். "கோச்சுக்காதம்மா, மூஞ்சில வச்சா உனக்கு மூச்சு முட்டுதாம்."