கோடாலி யார் கையில்

தண்ணீர் ஏறிய படகைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வருவது எங்கள் தொழில். வெள்ளைக்காரன் போன புதிதில் ராயபுரம் கடலில் லாஞ்சு என்ற மோட்டார் படகை ஓட்டும் சாரங்காக இருந்தேன். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

பேரம்

ஐப்பசிக் காற்று. காதர் பாயின் சரக்குப் படகு ஓட்டை விழுந்து தத்தளித்தது. அவரும் அவர் அண்ணனும் அதில். எங்களுக்கு முன்பே வேறொரு லாஞ்சு போய்விட்டது. போனவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூலியை ஏற்றிக்கொண்டே போனான். பேசி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்தது. எங்களுக்குக் காதர் மட்டும் கிடைத்தார்.

மறுநாள் கரை ஒதுங்கிய அண்ணனின் மையத்து எடுக்கும்போது அந்த லாஞ்சுக்காரனும் வந்து நின்றான். காதர் கேட்டார்: "நீ கேட்டதுக்கு ஒத்துக்கினேனே, நைனா. அப்பவாச்சும் கயித்தப் போட்டிருக்கலாமே?"

கூலி கரையில்

அன்று முதல் என் லாஞ்சில் ஒரே சட்டம். முதலில் ஆள், பிறகு கயிறு, கூலி கரையில். ஆள் இருக்கும் படகை இழுக்க மாட்டேன். இழுபடும் படகு மூழ்கினால் லாஞ்சையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அப்போது கயிற்றை வெட்ட, அதைக் கட்டும் பின்பக்கத்திலேயே கோடாலி இருக்கும். ஆளை வைத்துக்கொண்டு எப்படி வெட்டுவது?

என் ஆள் அந்தோணிக்குப் பிடிக்கவில்லை. "கரைக்குப் போனா எவன் அண்ணாத்தே கூலி தருவான்? சலாம் போட்டுட்டுப் பூடுவான்."

இறங்க மாட்டேன்

மறு வருஷம் திருவொற்றியூருக்கு எதிரே அதே காதர், புதுப் படகு, தனி ஆள். படகுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். லாஞ்சில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை. ஆள் இல்லாத படகு கயிறு கட்டியவனுக்குச் சொந்தம் என்று படகுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. படகை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நம்பவில்லை. லாஞ்சுக்காரனை அவர் ஏன் நம்ப வேண்டும்?

கோடாலியைத் தூக்கிக் காட்டினேன். "இத நீ வச்சுக்க. வெட்டறதும் வுடறதும் உன் இஷ்டம்." பார்த்தார். தாவி வந்து கோடாலியை வாங்கிக்கொண்டார்.

அந்தோணி என் காதில் சீறினான்: "நம்ம உசுரு அந்தாளு கையிலயா? புத்தி கீதா உனக்கு?"

வெட்டு

ராயபுரம் மாதா கோயில் தெரியும் தூரத்தில், இழுத்து வந்த படகில் தண்ணீர் நிறைந்துவிட்டது. லாஞ்சின் பின்பக்கம் தாழ்ந்தது. தளத்தில் தண்ணீர். அந்தோணி மாதாவைக் கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. வெட்டு என்றும் சொல்லவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.

கோடாலி விழும் சத்தம் கேட்டது. லாஞ்சு துள்ளி எழுந்தது. திரும்பினேன். படகு இல்லை.

கரையில் கோடாலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் காதர் சொன்னார்: "படகு போனா போவுது, சாரங்கே. உங்க வூடுங்களுக்குப் போய் நான் இன்னான்னு சொல்லுவேன்?"

கூலியை நான் கேட்கவில்லை, அவர் தரவில்லை. அந்தோணி சொன்ன சலாம் மட்டும் வந்தது, அதை அவனே எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.