நண்டுக்கு வரிச்சலுகை

வரிக் கந்தோரில், அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஐயா என் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நண்டு, இறால், மீன், திரும்பவும் நண்டு. உது ஆராய்ச்சியோ, விருந்தோ அம்மா?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. உடுவிலில், வீட்டோடு சேர்ந்த கொட்டிலில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ்ப் பொடி செய்து விற்கிறேன். மீனையும் நண்டையும் அவித்து என் பொடியைக் கரைத்து ஊற்றினால் கூழ் தயார். அது கட்டிபடாமல் வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கச் செலவழிக்கும் தொழிலுக்கு வரியில் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் விண்ணப்பித்திருந்தேன். கிடைத்தால் ஒடியல் மா உலர்த்தும் இயந்திரம் வாங்கலாம். கிடைக்காவிட்டால் மாரி மழை முழுவதும் வெயில் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கொட்டிலைப் பூட்டி வைக்க வேண்டியதுதான்.

“நண்டில்லாமல் கூழை எப்பிடி ஐயா சோதிக்கிறது? பச்சைத் தண்ணியிலையோ? நம்பிக்கை இல்லையெண்டால் புதன்கிழமை வந்து பாருங்கோ!”

என் வாய் சும்மா இருக்காதே! மனுசன் உண்மையாகவே வந்துவிட்டார்.

கூழை ஒருவருக்கு மட்டும் காய்ச்சுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பானை அடுப்பில் ஏறினால் ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் வந்துவிடும். என் சோதனைகள் எல்லாம் அப்படித்தான் நடந்தன. அன்றைக்கு என் கணவர் வாசல் படலையடியில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தார்.

“வரிக் கந்தோர் ஐயா வந்திருக்கிறார். நல்லாயிருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ, என்ன?”

“ஓம், ஓம்” என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிலாவிலையில் ஊற்றிக் கொடுத்தேன். முதல் வாயிலேயே முன்வீட்டு மாமி முகத்தைச் சுளித்தார்.

“போன முறை நல்ல தடிப்பாய் இருந்தது. இது என்ன பிள்ளை, ரசமோ?”

“அடியிலை கட்டி கிடக்கு அக்கா” என்றான் ஆட்டோ ஓட்டும் தம்பி. உறைப்புக் கூட என்றார் ஒருவர், காணாது என்றார் இன்னொருவர். கணவர் இருமி இருமிச் சைகை காட்டினார். யார் கவனித்தார்கள்! எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இயந்திரம் போச்சு என்றே நினைத்தேன்.

இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்த ஐயா இலையைக் கீழே வைத்தார்.

“விருந்துக்கு வந்த சனம் இப்பிடிக் கதையாது அம்மா. போன முறையையும் ஞாபகம் வைச்செல்லோ குறை சொல்லினம்! இது ஆராய்ச்சிதான். சலுகை குடுக்கலாமெண்டு எழுதிவிடுறன்.”

எனக்கு வந்த சந்தோசத்தில் மாமியைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

“விடு பிள்ளை, கூழ் ஊத்துப்படப் போகுது!”

சலுகையும் வந்தது, இயந்திரமும் வந்தது. வெளியே மழை கொட்ட, கொட்டிலுக்குள் அது இரைகிற சத்தத்தைக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அன்றைக்கு ஐயா படலை வரை போய்த் திரும்பி நின்று, “அம்மா, புளியும் கொஞ்சம் காணாது” என்றார். அடுத்த முறை புளியைக் கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.