மோட்டாருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் நடுவில், என் கல்யாணத்தன்று காலையில், லூமுட் துறையிலிருந்து பங்கோர் தீவுக்குப் போகும் வழியில் நடந்தது இது. தீவிலுள்ள அம்மன் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை அங்கே காத்திருந்தார். என் அப்பா, அம்மா, சொந்தங்கள் எல்லாரும் முந்தின நாளே ஃபெரியில் போய்விட்டார்கள். பெண்ணை மட்டும் தங்கள் படகில்தான் அழைத்துப் போவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். காரணம் வேறொன்றுமில்லை, மாப்பிள்ளையின் அண்ணன் தன் படகுக்கு அந்த வாரம்தான் புது மோட்டார் வாங்கியிருந்தார்.

அதுவரை எல்லாரும் பெட்ரோலில் டூ-டி என்கிற இன்ஜின் எண்ணெயைக் கையால் கலந்துதான் ஊற்றுவார்கள். இந்த மோட்டாருக்கோ எண்ணெய்க்கென்று தனி டாங்கி. வேண்டியதை அதுவே இழுத்துக்கொள்ளும், எண்ணெய் வராவிட்டால் கூவும். அவர் அதைப் பற்றிப் பேசிய பேச்சைக் கேட்டால், கல்யாணம் எனக்கா மோட்டாருக்கா என்று சந்தேகம் வந்துவிடும். மாமியாரும் விடிந்ததுமே அதற்குப் பூஜை போட்டிருந்தார். மோட்டார் மேல், பெட்ரோல் டாங்கி மேல், எண்ணெய் டாங்கி மூடி மேல் என்று கை பட்ட இடமெல்லாம் குழைத்த சந்தனம், அதன்மேல் காசளவு குங்குமம். மாலை வேறு!

படகில் நான், என் அக்கா, மாமியார், படகை ஓட்டுகிற மாப்பிள்ளையின் அண்ணன். குனிந்த தலை நிமிரக் கூடாது என்று ஈப்போவிலிருந்து வரும் வழியெல்லாம் அக்கா ஓதிக்கொண்டே வந்திருந்தாள். எனக்கு வாய் நீளம் என்று அவளுக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போ டவுனில் மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் நாளெல்லாம் ஆம்பளைகளோடு பேரம் பேசுகிறவள் நான். வாய் நீளாமல் என்ன செய்யும்?

பாதிக் கடலில் மோட்டார் கூவ ஆரம்பித்தது. வேகமும் தானாகக் குறைந்தது. அவர் திரும்பி, வெளியிலிருந்தே எண்ணெய் தெரிகிற அந்த வெள்ளை டாங்கியைப் பார்த்தார்.

"அலாமாக்! ஊத்துன எண்ண அப்படியே இருக்கு லா. புதுசுல்ல, சும்மா கத்துது. இப்படியே போயிரலாம்."

அப்படியே இருக்கு என்றாரே, அதுதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு தூரம் ஓடியும் எண்ணெய் குறையவில்லை என்றால் மோட்டார் அதைக் குடிக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? எண்ணெய் இல்லாமல் ஓடி, பிஸ்டன் இறுகிப்போன வண்டியைத் தள்ளிக்கொண்டு எத்தனை பேர் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள். இது இறுகினால் முகூர்த்தம் போச்சு. கடலில் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது.

"மாமா, மோட்டார நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளினால் கிள்ளட்டும்.

"மூடியில சின்ன ஓட்ட இருக்கும் பாருங்க. அது வழியா காத்து உள்ள போனாத்தான் எண்ண வெளிய வரும். பால் டின்னுல ரெண்டு ஓட்ட போடுறோம்ல, அது மாதிரி."

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு மூடியைப் பார்த்தார். ஓட்டை எங்கே? நட்டநடுவில் சந்தனம் காய்ந்து, குங்குமத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

மாமியார் கையால் வைத்த குங்குமத்தைக் கல்யாண நாளில் அழிக்கச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? அவருக்கும் கை வரவில்லை, தன் அம்மாவையே பார்த்தார். தாலி ஏறும் முன்பே இந்த வீட்டில் என் பெயர் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் எழுந்து வந்தார். "ஏண்டா, மூச்சு முட்டுற மாதிரியா வச்சிட்டேன்?" என்று தாமே சந்தனத்தைச் சுரண்டினார். விரலில் ஒட்டிய குங்குமத்தைக் கடலில் உதறாமல் என் நெற்றியில் வைத்தார். "சாமி குங்குமம்மா, வீணாக்கக் கூடாது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜடையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தேன். ஓட்டையைக் குத்தியதும் டாங்கி 'புஸ்' என்று மூச்சு இழுத்தது.

இனிமேல் எண்ணெய் இறங்குகிறதா என்று எப்படித் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோலிலும் பழையபடி, டின்னில் மிச்சமிருந்த எண்ணெயைக் கொஞ்சம் கலக்கச் சொன்னேன். அக்காவின் புருவப் பென்சிலை வாங்கி, டாங்கியில் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மோட்டார் கிளம்பியது. சற்று நேரத்தில் கூவலும் நின்றது. மணப்பெண்ணை யார் பார்த்தார்கள்? மூன்று பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். படகு ஆடியதில் எண்ணெயும் ஆடியது, ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தீவின் துறைக்குப் பக்கத்தில் தண்ணீர் அடங்கியது. எண்ணெய் கோட்டுக்குக் கீழே நின்றது.

"எறங்கிருச்சு லா!" என்று மாமியார் குலவை போட்டார். அக்காவும் சேர்ந்துகொண்டாள். கரையில் நின்றவர்கள் பெண் வந்துவிட்டாள் என்று நாதஸ்வரத்தை ஊதத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் குலவை எண்ணெய்க்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முகூர்த்தம் தவறவில்லை. தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளை மட்டும், "என்ன, டூ-டி எண்ண வாசம் வருது?" என்று காதில் கேட்டார். நான் குனிந்த தலை நிமிராமல் சிரித்தேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு எந்தப் புது வண்டி வந்தாலும், மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு முதலில் என்னிடம்தான் வருவார். "எங்க வைக்கலாம், நீயே காட்டும்மா." அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம், நடுக்கடலில் என் நீளமான வாய்க்குப் பொட்டு வைத்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போன அந்த விரலைத்தான் நினைத்துக்கொள்வேன்.