நகம் தடுக்காத மூலை

கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார் கித்சிறி. கொழும்பில் பழைய வாகன உதிரிகள் விற்கும் பஞ்சிகாவத்தைச் சந்தில் அடுக்கிக் கிடக்கும் கார்க் கதவுகளின் மேல் மழை கொட்டுகிறது. அவருக்கு அது கேட்பதாகத் தெரியவில்லை. நகம் தடுக்கினால் சட்டைப் பையிலிருந்து உப்புத்தாள் துண்டு வெளியே வரும். தடுக்காவிட்டால் தூக்கத்தில் சிரிப்பவரைப் போல ஒரு சிரிப்பு வரும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களில் ரேடியோவை எடுத்துவிட்டுப் பெரிய திரை வைப்பார்கள். அந்தத் திரையைச் சுற்றிச் சட்டகம் செய்வதுதான் மனிதரின் தொழில். பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டி, பட்டி பூசி, தேய்த்து, கடைசியில் எட்ட நின்று பெயின்ட்டைப் பனி போலத் தூவுவார். கம்பெனியில் செய்த பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு அப்படியே வந்து உட்காரும். அந்நேரம் யாரும் பேசக் கூடாது. பிளேன் டீ ஆறிப்போகும், வந்தவர் சலித்துப்போவார், இவர் வேறெங்கோ மிதந்துகொண்டிருப்பார்.

"நல்லா இருக்குன்னு சொன்னா எனக்குப் பிடிக்காது. செஞ்சதே தெரியக் கூடாது" என்பார். அடக்கம்போல் தெரியும், சுத்தமான கர்வம்.

அந்தக் கர்வத்தை நம்பித்தான் உபுல் வந்தான்.

"அண்ணே, பின்னால எடுக்கறப்ப ரெண்டு தடவ மதில்ல இடிச்சுட்டேன். கேமராத் திரை வைக்கணும். ஆனா அப்பாவுக்குத் தெரியக் கூடாது."

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே தம்பி?"

"விரலுக்குத் தெரியுமே! வண்டில எதையாச்சும் மாத்தினா ஏறவே மாட்டேன்னுட்டார். கிளினிக் போகாம வீட்டுலயே கிடந்தா மனுசன் தாங்குவாரா?"

உடைத்துப்போட்ட கார் ஒன்றில் அதே சட்டகத்தைத் தேடிப்பிடித்து வேலையை முடித்தார் கித்சிறி. "ஜப்பான்காரனே தோத்தான், போங்க!" என்று உபுல் குதித்தான். கித்சிறியோ, கழற்றிய பழைய சட்டகத்தை எடுத்துக் கண்ணை மூடித் தடவினார். இடது கீழ் மூலையில் விரல் வழுக்கி ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பார்வை போன பிறகு உபுலின் அப்பா, பெரியவர் ஜினதாச, ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வொரு வளைவிலும் பிடித்துப் பிடித்தே தேய்த்த இடம்.

"மடத்தனம் பண்ணிட்டேன். நேத்து கம்பெனிலேருந்து வந்த மாதிரி செஞ்சு வச்சிருக்கேன். இந்த வண்டி நேத்தா வந்துச்சு?"

தான் இழைத்த மூலையைத் தானே அரத்தால் குழித்தார். சொந்தப் பிள்ளையை அடிப்பவர்போல் முகம் சுருங்கியது. பிறகு மேலே பெயின்ட் தூவி, விரல் பட்டுப் பட்டு வந்த வழவழப்பு வரும்வரை தேய்த்தார்.

மறுநாள் கிளினிக். பிரேக் பார்க்கக் கொடுத்ததாகச் சொல்லி அப்பாவைச் சந்துக்கு அழைத்து வந்து காரில் உட்கார வைத்தான் உபுல். தண்ணீர்ப் போத்தல் வாங்க எதிர்க்கடைக்கு ஓடினான். திறந்த கதவருகே நின்றார் கித்சிறி. பெரியவரின் விரல்கள் சட்டகத்தின் மேல் ஓரத்தில் நடந்தன, இறங்கின, மூலைக்கு வந்தன. பள்ளத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது.

"கொஞ்சம் ஆழம் கூடிப்போச்சு தம்பி" என்றார் மெதுவாக, கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி.

கித்சிறியின் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய் உப்புத்தாளை எடுத்தது. தாள் சரசரத்தது பெரியவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வேணாம், விடுங்க. விரல் பழகிக்கும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு பையன்கிட்ட சொல்லிடாதீங்க, பாவம், எனக்குப் பயந்துக்கிட்டே ஓட்டுவான்."

உபுல் போத்தலோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தான். பெரியவர் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டு, விரலை மறுபடி அதே பள்ளத்தில் வைத்தார். கித்சிறி உப்புத்தாளைப் பைக்குள் செருகிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.