மணிக்கட்டை உடைத்த வண்டி

படக்காரம்மா என்றால்தான் அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாக அடித்தளத்தில், ஜன்னலில்லாத அறையில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆடாதீங்க... விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வார். படத்தில் என்ன தெரிகிறது என்று யாராவது கேட்டால், "டாக்டர் சொல்வாருங்க" என்பதோடு சரி. வேண்டாத பேச்சும் கிடையாது, வேண்டாத பொருளும் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழுபது வருஷப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். எதற்கு என்று அவருக்கே விளங்கவில்லை.

அன்று காலை மாட்டுத் தீவன வியாபாரி ஒருவர் வீங்கிய மணிக்கட்டோடு வந்திருந்தார்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"வண்டி உதைச்சிருச்சும்மா. ஸ்டார்ட் பண்ண முன்னால ஹேண்டில் போட்டுச் சுத்தினேன், திருப்பி அடிச்சிருச்சு. எங்கப்பா வச்சிருந்தது. இன்னிக்கே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிடறேன் பாருங்க."

"கையை ஆட்டாதீங்க" என்றுதான் படக்காரம்மா சொல்ல வாயெடுத்தார். வந்ததோ வேறு.

"என்ன கலருங்க?"

வியாபாரி வலியை மறந்து விழித்தார். "எது, வண்டியா? அது சொல்றது கஷ்டம்மா."

கஷ்டம்தான். சாயங்காலம் வியாபாரியின் தீவனக் கொட்டகையில் போய்ப் பார்த்தபோது கதவு நீலமாக இருந்தது, மூக்கு சாம்பலாக இருந்தது, மீதி துரு. பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் மரப்பலகை. ஒரு கதவுக்குக் கைப்பிடி இல்லை, கயிறு கட்டியிருந்தது. படக்காரம்மா மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்பிரிங் இடுப்பில் குத்தியது. இறங்க மனசு வரவில்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார்.

கட்டுப் போட்ட கையோடு வியாபாரி ஹேண்டில் பாடம் எடுத்தார். "கட்டை விரலையும் மத்த விரல் பக்கமே வைங்கம்மா. சுத்திப் பிடிச்சீங்க, என் கதிதான்."

படக்காரம்மாவின் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். நாலாயிரம் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். சொந்த மனைவிக்கு மட்டும் முடியவில்லை. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் முயன்றார்கள். ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. தெருமுனை வருவதற்குள் அதை அவர் பதினோரு தடவை மிதித்தார். படக்காரம்மா இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். லைசென்ஸை வேறொரு ஸ்கூலில் போய் எடுத்துக்கொண்டார்.

வாசலில் நின்ற வண்டியை மாஸ்டர் மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வண்டிங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"சல்லிசா வந்துச்சு" என்றார். வெளியூரில் இருக்கும் மகள் போனில் கேட்டபோது, "தோட்டத்துக்கு மண் ஏத்தலாம்னுதான்" என்றார். அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. தலைமை நர்ஸிடம், "பின்னால நல்ல விலைக்குப் போகும்" என்று ஒரு போடு போட்டார். பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆள் மாற மாறப் பதிலும் மாறி வந்தது. ராத்திரி பாத்திரம் துலக்கும்போது மூன்றையும் நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை.

அடுத்த வாரம் மாஸ்டர் பெயிண்டரைக் கூட்டிவந்தார். "துருவை எல்லாம் எடுத்துட்டு ஜம்முனு மாத்திடலாம்." பெயிண்டர் கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே பச்சை எட்டிப் பார்த்தது.

"நிறுத்துங்க!" படக்காரம்மா போட்ட சத்தத்தில் பெயிண்டர் உப்புத்தாளைக் கீழே போட்டார்.

"ஏம்மா? கீழே நல்ல தகடுதான்."

"இல்ல... இப்படியே இருக்கட்டும்."

"துரு தின்னுருமே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?" மாஸ்டரும் பெயிண்டரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவருக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று பிடிபடவில்லை. டீ போடப் போய்விட்டார். பெயிண்டர் டீயைக் குடித்துவிட்டு, மாஸ்டரிடம் தனியாக, "அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் விடிகாலையில் காலி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார் படக்காரம்மா. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருந்தது. தள்ளினால் எரிந்து விழும், தட்டிக் கொடுத்தால் விழும். பிறகு வேலைக்கும் அதிலேயே போனார். மத்தியானம் அறையைப் பூட்டிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார். வெயிலில் சீட்டிலிருந்து எண்ணெயும் பழைய சாக்கும் கலந்த வாசம் கிளம்பும். அந்த அரை மணி நேரம் யாரையும் மூச்சுப் பிடிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் தானாகவே பக்கத்தில் ஏறினார். "நீ எப்படித்தான் ஓட்டறேன்னு பாக்கறேன்."

முதல் திருப்பத்திலேயே அவருடைய கால் தரையை அழுத்தியது. இல்லாத பிரேக். இரண்டாவது திருப்பத்தில் இன்னும் பலமாக. எதிரே பஸ் வந்ததும் முழு பலத்தோடு ஒரு மிதி. துருப்பிடித்த தகடு படக்கென்று விட்டது. கால் முழங்கால் வரை உள்ளே போனது.

"நிறுத்து! நிறுத்தும்மா!"

நிறுத்தினார். காலை மெதுவாக இழுத்தார்கள். சிராய்ப்புதான். ஆனால் செருப்பு ரோட்டில் விழுந்திருந்தது. மாஸ்டர் நொண்டியபடியே போய் எடுத்துவந்தார். வண்டியின் பின்சக்கரமே ஏறி அப்பளமாகியிருந்தது. திட்டுவார் என்று படக்காரம்மா காத்திருந்தார். அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பின்னால் வீசிவிட்டு, ஏறி, சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"போ" என்றார்.

சம்மணம் போட்ட காலால் எதையும் மிதிக்க முடியாது. பெட்ரோல் பங்க் வரை ஓட்டையில் ரோடு ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் படக்காரம்மா ஓட்டையின்மேல் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்தார். பெயிண்ட் பேச்சு அதன்பிறகு எழவில்லை. யாராவது எதற்கு இந்த வண்டி என்று கேட்டால் இப்போதெல்லாம், "தெரியலைங்க" என்கிறார். கேட்டவர்கள்தான் சங்கடப்படுகிறார்கள்.

ஞாயிறுதோறும் இருவரும் கிளம்புகிறார்கள். போன வாரம் நாற்சந்தியில் படக்காரம்மா கேட்டார், "எந்தப் பக்கங்க?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே ஓட்டறே."

"எனக்கும் தெரியலையே."

பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அந்த ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்ப மாடு மாதிரி முரண்டு பிடிக்கும், வலப்பக்கம் கொஞ்சம் லேசு. அதனால் வலப்பக்கம் போனார்கள்.