மீனா பூசிய சிவப்பு வீடு

மேரி, இதைப் படித்ததும் கிழித்துவிடு. உன் அக்காவிடம்கூடக் காட்டாதே.

இன்று தங்கச்சி மீனாவை அழைத்துவரச் சமூக மன்றத்துப் பாலர் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெரிய தாளில் அவரவர் வீட்டை வரைந்திருந்தார்கள். பயமில்லாத இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு என்று டீச்சர் சொன்னாராம்.

மீனா எங்கள் வீடு முழுவதும் சிவப்பு பூசியிருந்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் வாசல் மட்டும் பச்சை.

"ஏன்டி இப்படிப் பூசினே?"

"அப்பா குடிச்சிட்டு வந்தா நாம அங்கதானே ஓடுவோம், அக்கா."

சனிக்கிழமை பெற்றோர் பார்க்க அதைச் சுவரில் ஒட்டுவார்கள். அப்பாவும் வருவார்.

டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம், மேசையிலிருந்த வெள்ளைச் சாயத்தை எடுத்து எங்கள் வீட்டின்மேல் பூசினேன். சிவப்பு காயவில்லை. வீடு ரோஸ் நிறமாகிவிட்டது.

டீச்சர் பார்த்துவிட்டார், திட்டவில்லை. "வீட்டுல எல்லாரும் நல்லாருக்கீங்களாம்மா?" என்றார்.

"நல்லாருக்கோம், டீச்சர்."

தாளைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

சுவரில் ஒட்டவேண்டியதை ஏன் கொண்டுபோகிறார்? யாரிடம் காட்டுவார்? அவ்வளவு அன்பாகக் கேட்டதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்? நாளை சிராங்கூன் ரோட்டு பஸ்ஸில் காதோடு சொல்.

குளியலறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைத் தட்டுகிறார்கள். மீனா இவ்வளவு பலமாகத் தட்டமாட்டாள்.